காப்பித் தொட்டியில் நொதிகள் செய்யும் வேலை

சேர்வராயன் மலையில் அராபிகா காப்பிப் பழம் பறிக்கும் காலம் குளிர்காலமாகவும் அமைந்துவிடுகிறது. பல்பரில் தோல் நீக்கிய கொட்டையைத் தொட்டியில் போட்டு, மறுநாள் அதே நேரத்துக்குக் கழுவிவிடும் வழக்கம் சிறு விவசாயிகள் பலரிடம் உண்டு. அது ஏன் சில நாட்களில் சரியாக வருகிறது, சில நாட்களில் வருவதில்லை?

தோல் நீங்கிய பின்னும் கொட்டையின் மேல் வழவழப்பான பசை ஒட்டியிருக்கும். இதில் பெக்டின் என்ற பொருள் உள்ளது. கொய்யா ஜெல்லியை உறைய வைப்பதும் இதே பெக்டின்தான். வெறும் தண்ணீரில் இது எளிதில் போகாது. பழத்திலேயே உள்ள நொதிகளும், தொட்டியில் பெருகும் நுண்ணுயிர்கள் சுரக்கும் நொதிகளும் பெக்டினைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. அதன் பிறகே பசை நீரில் கரைந்து போகிறது.

நொதி என்பது புரதம். இது ஓர் உயிரியல் கிரியா ஊக்கி. அதாவது, வேலையை விரைவுபடுத்தும், தான் செலவாகாது. ஒரு துண்டை வெட்டியதும் அடுத்ததற்குப் போய்விடும். ஆகவே மிகச் சிறிய அளவே போதும். பூட்டுக்குச் சாவி போல, ஒவ்வொரு நொதிக்கும் ஏற்ற பொருள் உண்டு. பெக்டினை வெட்டும் நொதி, அடியிலுள்ள பார்ச்மென்ட் தோலைக் கரைப்பதில்லை.

ஆனால் குளிரில் நொதி மந்தமாகிவிடும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சேலத்தில் ஓர் இரவில் பொங்கும் இட்லி மாவு ஏற்காட்டில் மார்கழியில் பொங்க மறுப்பதை வீட்டுப் பெண்களே சொல்வார்கள். அராபிகாவுக்குப் பொதுவாக 24 முதல் 36 மணி நேரம் என்பது கணக்கு. கடுங்குளிரில் இன்னும் கூடலாம். அவசரப்பட்டுக் கொதிநீர் ஊற்ற வேண்டாம். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கெட்டியாவது போல நொதியும் கெட்டு, பிறகு வேலை செய்யாது.

அதிக நேரம் விடுவது அதைவிடக் கேடு. பசை கரைந்த பிறகும் நுண்ணுயிர்கள் ஓய்வதில்லை. சர்க்கரையைத் தின்று அமிலங்களை உண்டாக்கும். கொட்டை புளித்து நாறும். அத்தகைய கொட்டை சிறிதளவு கலந்தாலும் காப்பியின் சுவை கெட்டு விலை இறங்கும். நேற்றைய தொட்டியில் இன்றைய கொட்டையைச் சேர்க்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

கடிகாரத்தைவிடக் கையை நம்பலாம். ஒரு பிடி கொட்டையை எடுத்து நீரில் அலசித் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் காத்திருங்கள். கூழாங்கல் போலச் சொரசொரவென்று உரசினால் உடனே நல்ல தண்ணீரில் மூன்று, நான்கு முறை கழுவி, மெல்லப் பரப்பி உலர்த்துங்கள். கழுவிய நீரை ஓடையில் விடாமல் குழியில் தேக்குவது நல்லது. அதிலுள்ள கழிவு ஓடை நீரின் பிராணவாயுவைக் குறைத்து மீன்களைக் கொல்லும்.