பனியில் எரியும் கரி அடுப்பு
வீட்டுக்குள் வந்தால் எமன்!

அமெரிக்காவில் உள்ள பெரிய நகரம் சிகாகோ. குளிர் காலத்தில் அங்கே பனி கொட்டும். குடிக்கிற தண்ணீரை வெளியே வைத்தால் கட்டியாக உறைந்துவிடும்.

அப்படிப்பட்ட பனிக்கு நடுவே, வீட்டு முற்றத்தில் ஓர் அடுப்பு எரிகிறது. அதில் கோழி வேகிறது!

அடுப்பு உருண்டையாக இருக்கிறது. அடியில் மூன்று கால்கள். மேலே ஒரு மூடி. அந்த மூடியில்தான் ரகசியம் இருக்கிறது.

மிதவை அடுப்பு ஆனது

1952-ம் ஆண்டு. சிகாகோவில் ஓர் உலோகப் பட்டறையில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் வேலை பார்த்தார். தண்ணீரில் மிதக்கும் மிதவைகள் அங்கே தயாராயின.

அந்தக் காலத்து அடுப்புகளுக்கு மூடி கிடையாது. காற்று அடித்தால் சாம்பல் பறக்கும். மழை வந்தால் நெருப்பு அணையும்.

ஸ்டீபன் யோசித்தார். மிதவையின் ஒரு பாதியை அடுப்பு ஆக்கினார். மறு பாதியை மூடி ஆக்கினார். காற்றுப் போக ஓட்டைகள் போட்டார். "வெபர்" அடுப்பு பிறந்தது!

குளிரில் சமைப்பது எப்படி?

குளிர் நாளில் கரி அதிகம் வேண்டும். நேரமும் அதிகம் ஆகும். மூடியை அடிக்கடி திறக்கக்கூடாது. திறந்தால் சூடு ஓடிவிடும்.

கீழ் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். மேல் ஓட்டை வழியாகப் புகை வெளியேறும். ஓட்டையை அகலத் திறந்தால் நெருப்பு வளரும். சமையல் முடிந்ததும் இரண்டையும் மூடினால் நெருப்பு தானாக அணையும்.

கரியை மூடி போட்ட தகர டின்னில் வைக்க வேண்டும். ஈரக் கரி எளிதில் பற்றாது. சாம்பலையும் அடுப்பிலேயே விடக்கூடாது. அது ஈரம் பட்டு இறுகி, ஓட்டையை அடைக்கும், தகட்டையும் அரிக்கும். ஆறிய பிறகே அள்ளி, இரும்பு வாளியில் போட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எமன்

குளிர்கிறதே என்று அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரலாமா?

கூடவே கூடாது!

எரியும் கரியில் இருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை. வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துபோவார். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் ஆபத்து நீங்காது.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் பனிப்புயல் வீசியது. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. குளிர் தாங்காத சிலர் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டினார்கள். கரி அடுப்பு, ஜெனரேட்டர், கார் இவற்றின் விஷ வாயு நூற்றுக்கணக்கானவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. பலர் உயிர் இழந்தார்கள்.

ஊட்டி, கொடைக்கானலில் குளிர் காய்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். கதவைச் சாத்திக்கொண்டு, கரி நெருப்பை அருகில் வைத்துத் தூங்கக்கூடாது. கனல் மங்கினாலும் விஷம் வந்துகொண்டே இருக்கும்.

அடுப்பு பனியில் நிற்கட்டும். வெந்த கோழி மட்டும் வீட்டுக்குள் வரட்டும்!