நிறைந்து வரும் உச்சிகள்: அல்ப்ஸ் மலர்களின் காப்புநிலையை மதிப்பிடல்

சுவிற்சர்லாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள பிஸ் லினார்ட் சிகரம் 3410 மீற்றர் உயரமுடையது. 1835ஆம் ஆண்டில் ஒஸ்வால்ட் ஹேர் என்னும் தாவரவியலாளர் அதன்மீதேறியபோது, உச்சியை அண்டிய பாறைகளிடையே ஒரேயொரு பூக்குந்தாவர இனத்தையே கண்டார். கல்லிடுக்குகளில் மெத்தைபோற் படர்ந்து, வெண்மையும் இளஞ்சிவப்புமான சிறு பூக்களைத் தரும் ஆன்ட்ரோசேஸ் அல்பினா என்பதே அது. 1937இல் அதேயிடத்தில் 10 இனங்கள் காணப்பட்டன. 2011இல் 16 இனங்கள். இவ்வெண்களை மாத்திரம் நோக்குவோர் மலையுச்சி செழித்து வருகின்றதென்றே கொள்வர். அம்முடிவு ஏன் பொருந்தாதென்பதையும், ஓரினம் அழிவுக்கு எவ்வளவு அண்மையில் நிற்கின்றதென்பதை அளக்கும் இன்றைய முறைகள் உயர்மலைகளில் எங்கு இடறுகின்றன என்பதையும் நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

மலையில் ஏறுந்தோறும் 100 மீற்றருக்கு ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் வீதம் வெப்பம் குறைகின்றது. அல்ப்ஸ் பிரதேசமோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சுமார் 2 பாகை வெப்பமடைந்துள்ளது. ஆகவே, முன்னர் அனுபவித்த அதே குளிரை நாடும் ஒரு தாவரம் 300 மீற்றருக்கு மேல் உயரச் செல்லவேண்டியதாகின்றது. கீழ்ப்புல்வெளிகளின் தாவரங்கள் அவ்வாறே ஏறிவந்து உச்சிகளை நிறைக்கின்றன. உச்சியிலே ஏற்கெனவே வாழ்பவற்றுக்கோ ஏறுவதற்கு இடமில்லை. மலை கூம்பு வடிவினதாதலின், மேலே செல்லச்செல்ல நிலப்பரப்பும் சுருங்குகின்றது.

ஒஸ்திரியாவின் திரோல் மாநிலத்து ஷ்ரான்கோகல் மலையில் வியன்னா ஆய்வாளர்கள் நிகழ்த்திய அளவீடு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. 1994இல் ஒவ்வொரு சதுரமீற்றராக அளந்து குறித்த துண்டுகளை 2004இல் அவர்கள் மீண்டும் ஆராய்ந்தபோது, துண்டொன்றிலுள்ள இனங்களின் சராசரித் தொகை உயர்ந்திருந்தது; ஆனால் உறைபனி வலயத்துக்கேயுரிய இனங்கள் யாவும் தாம் மூடியிருந்த பரப்பிற் குறைந்திருந்தன. பட்டியலில் ஒரு பெயரும் விடுபடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் உரிய உயிர்ப்பு மட்டும் தேய்ந்திருந்தது. குளோரியா எனப்படும் சர்வதேச அவதானிப்புத் திட்டம் 2001இலிருந்து இம்முறையைப் பல நாடுகளுக்கு விரித்தது. உச்சியின் நாற்றிசையிலுமாக 16 சதுரமீற்றர்த் துண்டுகள் குறிக்கப்பட்டு, சில ஆண்டுகளுக்கொருமுறை மீளவும் எண்ணப்படுகின்றன. 2001க்கும் 2008க்கும் இடையில் வட, மத்திய ஐரோப்பிய உச்சிகளில் இனத்தொகை பெருகியபோது, கோடையில் நீர் வற்றும் மத்தியதரை மலைகளில் அது தேங்கிற்று, சிலவற்றிற் குறைந்தது.

இனி மதிப்பீட்டு விதிகளுக்கு வருவோம். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் செம்பட்டியல், குடித்தொகையின் வீழ்ச்சி, பரம்பலின் பரப்பு, முதிர்ந்த தனியன்களின் எண்ணிக்கை முதலியவற்றைக் கொண்டு ஓரினத்தின் நிலையைத் தீர்மானிக்கின்றது. தனியன்கள் 50இற்குக் குறையின் அவ்வினம் அதியுயர் ஆபத்துக்குட்பட்டது. 250இற்குக் குறையின் ஆபத்துக்குட்பட்டது. கேட்பதற்கு எளிது. ஆனால் தனியன் என்பது யாது? சுவிஸ் அல்ப்ஸின் கரெக்ஸ் கர்வுலா என்னுங் கோரையினத்தின் ஒரே கூட்டம் 7000இற்கு மேற்பட்ட தண்டுகளைக் கொண்டு, ஏறத்தாழ 2000 ஆண்டு வயதுடையதாகக் கணிக்கப்பட்டது. பரம்பரையலகு ஒன்றேயாயினும், தனித்து வாழவல்ல தண்டுகளை வெவ்வேறாக எண்ண விதி இடந்தருகின்றது. ஒன்று என்பதா, ஆயிரங்கள் என்பதா? எண்ணுபவர் எவ்வழியைத் தேர்கின்றாரோ அதற்கேற்பப் பட்டியலில் அதன் இடமும் மாறக்கூடும்.

பரப்பிலும் இதே இடர்ப்பாடு உண்டு. வாழிடப் பரப்பை அளக்கையில் நிலப்படம் 2 கிலோமீற்றர்ச் சதுரங்களாகப் பிரிக்கப்படுகின்றது. தட்டையான சமவெளிக்கு இது பொருந்தலாம். செங்குத்தான மலையிலோ அத்தகைய ஒரு சதுரத்துள் பள்ளத்தாக்குக் காடும் பனிப்பாறையும் ஒருங்கே அடங்கும். ஒரு மலர் 300 மீற்றர் மேலே தள்ளப்பட்டு, தன் வாழிடத்தின் பெரும்பகுதியை இழந்திருப்பினும், அதே சதுரத்துள் நிற்பதால் நிலப்படத்தில் எவ்வித இழப்பும் தோன்றாது.

காலம் பற்றிய சிக்கல் இவற்றினும் ஆழமானது. வீழ்ச்சியை 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றுள் நீண்டதைக் கொண்டு அளத்தல் வேண்டும். பல தசாப்தங்கள் வாழும் மெத்தைத் தாவரத்துக்கு மூன்று தலைமுறையென்பது ஒரு தாவரவியலாளரின் ஆயுளையே விஞ்சிவிடும். இத்தாவரங்கள் விதை முளைக்கவியலாத சூழலிலும் பழைய வேரைப்பற்றி நெடுநாள் உயிர்த்திருக்கும்; ஆண்டுதோறும் பூக்கவுங்கூடும். இந்நிலையை ஆய்வாளர் அழிவுக்கடன் என்பர். அல்ப்ஸின் 150 இனங்களைப்பற்றி 2012இல் வெளியான ஆய்வொன்று, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் அவற்றின் பரம்பல் சராசரியாக 44 முதல் 50 சதவீதம் குறையுமென எதிர்வு கூறியது. எஞ்சும் பரப்பிலும் சராசரியாக 40 சதவீதம் அவ்வினங்களுக்கு ஒவ்வாத காலநிலைக்குட்பட்டிருக்கும் என்றது.

எடல்வைஸ் மலரைப் பறிப்பதற்கும் தோண்டுவதற்கும் எதிரான சட்டங்கள் அல்ப்ஸ் நாடுகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தன. பறிப்பவனைக் கையும் களவுமாகப் பிடித்தல் எளிது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் பொருளீட்டிய கைத்தொழில்களை எந்த மலைக்காவலனும் பிடித்ததில்லை. இடையனைக் குற்றஞ்சாட்டுவதும் எப்போதும் பொருந்தாது. மந்தை மேய்ச்சல் கைவிடப்பட்ட தாழ்ந்த மலைப்புல்வெளிகளைப் புதர்களும் மரங்களும் மூட, ஒளிநாடும் மலர்கள் அங்கிருந்து மறைகின்றன.

எதிர்கால வீழ்ச்சியை 100 ஆண்டு வரை கணித்து ஓரினத்தை ஆபத்துப் பிரிவிற் சேர்ப்பதற்கும் செம்பட்டியல் விதிகளில் இடமுண்டு. ஆயினும் அவ்வாறு சேர்ப்பதற்குக் காலநிலை மாதிரிகளையும் முளைப்பு, இறப்பு வீதங்களையும் ஒருங்கு வைத்து வாதிடவேண்டும். ஆண்டுதோறும் அதேயிடத்தில் நாற்றுகளை எண்ணுவோரும் வேண்டும். பூத்து நிற்கும் முதிர்ந்த செடிகளை எண்ணுவதற்குக் கோடையில் ஒரு வாரம் போதுமானது. அவற்றினடியில் இளங்கன்றுகள் உளவா என்பதை அறியப் பல கோடைகள் தேவைப்படுகின்றன.