கும்பலின் தலைவன் யார்? காட்டிக்கொடுக்கும் போன் கால்கள்!

ஒரு கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். மரியாதை எல்லாம் பெரியப்பாவுக்குத்தான். ஆனால் சமையல்காரர், பந்தல்காரர், பூக்காரர், மேளக்காரர் எல்லோரும் போன் செய்வது சித்தப்பாவுக்கு. பெரியப்பா வர ஒரு மணி நேரம் தாமதமானாலும் வேலை நடக்கும். சித்தப்பாவின் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆனால்? கல்யாண வீடே திண்டாடிவிடும்!

குற்றக் கும்பல்களையும் இப்படித்தான் ஆராய்கிறார்கள். இதற்குப் பெயர் 'சோஷியல் நெட்வொர்க் அனாலிசிஸ்'. ஆளுக்கு ஒரு புள்ளி. இரண்டு பேர் பேசிக்கொண்டால் நடுவே ஒரு கோடு. யாரிடம் கோடுகள் அதிகம், யார் இல்லாவிட்டால் இரு தரப்புக்கும் தொடர்பே அறுந்துபோகும் என்று கணக்கிட்டால், கும்பலின் உள்ளமைப்பு புரியத் தொடங்கும்.

சரக்கைப் பிடி, ஆளை விடு!

கனடாவின் மான்ட்ரியல் நகரம், 1994. ஹஷீஷ் கடத்தும் கும்பல் ஒன்றின் போன்களை போலீஸ் ஒட்டுக்கேட்கத் தொடங்கியது. விசாரணையின் பெயர் 'கேவியர்'. அதில் ஒரு விநோத உத்தி. சரக்கு வந்தால் பறிமுதல் செய்வார்கள்; ஆட்களைக் கைது செய்ய மாட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் 11 முறை சரக்கு சிக்கியது. கைது நடவடிக்கை 1996-ல், கடைசியில்தான்.

அந்த உரையாடல் பதிவுகளைப் பின்னாளில் குற்றவியல் ஆய்வாளர் கார்லோ மோர்செல்லி வரைபடமாக்கினார். மொத்தம் 110 பேர். ஆரம்பத்தில் பெரும்பாலான கோடுகள் ஒரே ஆளைச் சுற்றி இருந்தன. அடி மேல் அடி விழ, அவரது பிடி தளர்ந்தது. ஓரத்தில் இருந்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள். ஹஷீஷோடு கொக்கைன் கடத்தலும் சேர்ந்துகொண்டது. கும்பல் சாகவில்லை, உருமாறியது! 'தலைவனைப் பிடித்தால் கதை முடிந்தது' என்பது சினிமாவில் மட்டும்தான் போலிருக்கிறது.

கோடு சாட்சி ஆகுமா?

இந்த முறையில் ஓட்டைகளும் உண்டு. புத்திசாலித் தலைவன் போனில் அதிகம் பேச மாட்டான். வரைபடத்தில் அவன் சின்னப் புள்ளியாகத்தான் தெரிவான். போலீஸ் கேட்காத பேச்சுக்குக் கோடே இருக்காது. இன்னொரு பக்கம், கேவியர் பட்டியலின் 110 பேரில் கடத்தலில் நேரடியாக ஈடுபடாதவர்களும் இருந்தார்கள்.

அதனால் கோடு என்பது விசாரணைக்கு ஆரம்பமே தவிர, குற்றத்துக்குச் சாட்சி அல்ல. சித்தப்பாவிடம் பத்து முறை பேசிவிட்டார் என்பதற்காக, பூக்காரர் நம் சொந்தக்காரர் ஆகிவிடுவாரா என்ன?