மக்கானாவின் குணமும் குற்றமும்

நமது கடைகளில் “தாமரை விதை” என்னும் பெயரால் இக்காலத்து மிகுதியாய் விற்கப்படும் வெண்ணிறப் பொரியை வடநாட்டார் மக்கானா என்பர். அது தாமரையின் விதையன்று. ஆம்பல் குடும்பத்தைச் சேர்ந்ததும், இலை, தண்டு, காய் யாவும் முள் நிறைந்ததுமாகிய வேறொரு நீர்ச்செடியின் விதையாம்.

இந்தியாவில் விளையும் மக்கானாவிற் பெரும்பகுதி பீகாரைச் சார்ந்த மிதிலைப் பிரதேசத்துக் குளங்களினின்றே வருகின்றது. 2022-ஆம் ஆண்டில் “மிதிலை மக்கானா” புவிசார் குறியீடும் பெற்றது. முதிர்ந்த விதைகள் குளத்தின் அடிச்சேற்றிற் படிந்துவிடும். மல்லா வகுப்பு மீனவர் மூச்சடக்கி மூழ்கிச் சேற்றோடு அவற்றை வாரி, மூங்கிற் கூடையிலிட்டு அலசி எடுக்கின்றனர். முள்ளாற் கை கிழிபடுதலும் உண்டு. பின்னர் வெயிலில் உலர்த்தி, பருமன்வாரியாகப் பிரித்து, இருப்புச் சட்டியில் வறுத்து, இரண்டொரு நாள் ஆறவிட்டு, மறுபடியும் வறுத்து, சூடு தணியுமுன் மரப்பலகைமீது வைத்து மரச்சுத்தியால் அடிப்பர். ஓட்டினுள் அடைபட்டிருந்த நீராவி அடி பட்டவுடன் விடுதலையாகிப் பருப்பை விரியச் செய்கின்றது. இத்துணை உழைப்பிருக்க, விலை உயர்வதில் வியப்பென்னை?

இங்ஙனம் விரிந்த உருவமே உண்போரை மயக்குகின்றது. கிண்ணம் நிறைய எடுப்பினும் எடை 25 கிராம் அளவே நிற்கும். நூறு கிராமில் மாப்பொருள் ஏறக்குறைய 77 கிராமும், புரதம் 9 அல்லது 10 கிராமும் உள; கொழுப்போ மிக அற்பம். எண்ணெயிற் பொரித்த பண்டங்களை விட்டு இதனை உண்பார்க்கு இதுவே பெருநன்மை. ஆயினும் புரதத்தில் நம் அரிசிப்பொரியினும் இது சிறிதே மேம்பட்டது, வேர்க்கடலைக்கோ ஈடாகாது.

அக்கிண்ணப் பொரி தருவது சுமார் 90 கலோரி. அதனை ஒரு மேசைக்கரண்டி நெய்யில் வறுப்போமாயின், நெய் மட்டும் 120 கலோரியைக் கூட்டிவிடும். மசாலை சேர்த்துப் பொட்டலங்களில் விற்பனவற்றில் உப்பும் மிகுதியாதல் கூடும். இரத்த அழுத்தமுள்ளோர் அதனை நோக்குக. இனிப்பில்லையே என்று நீரிழிவுடையோர் அளவின்றி உண்பதும் தவறு. மாப்பொருள் யாவும் உடலிற் சர்க்கரையாகவே மாறுமன்றோ? சோறு, ரொட்டி முதலியவற்றின் கணக்கில் இதனையும் சேர்த்தல் வேண்டும்.

இதில் சுண்ணச்சத்து ஏராளம் என்று நம்பிப் பிள்ளைகளுக்குப் பாலை நிறுத்தி மக்கானா கொடுக்கும் பெற்றோரும் உளர். இதுவே எனக்கு மிகவும் அச்சந்தருவது. ஒரு தம்ளர் பாலிலுள்ள சுண்ணச்சத்திற் பத்திலொரு பங்குகூட ஒரு கிண்ணப் பொரியில் இராது. அன்றியும், உலர்ந்த முழுப்பொரி சிறு குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். அவர்களுக்குக் கொடுப்பதாயின், வெறுஞ்சட்டியில் வறுத்து, நன்றாய்ப் பொடித்து, அந்தப் பாலிலேயே குழைய வேகவைத்துக் கொடுக்கலாம்.