மருந்துச் சீட்டில் மூச்சுக்கும் இடம் வேண்டும்

ஜெபமாலை உருட்டிச் சொல்லும் ஜெபத்துக்கும் யோக மந்திரத்துக்கும் உடலளவில் ஏதாவது ஒற்றுமை உண்டா? இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் நல்ல உடல்நலத்தோடு இருந்த 23 பேரிடம் இதை அளந்து பார்த்தார்கள். இரண்டையும் ஓதும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 முறை என்ற அளவுக்கு இறங்கியது. 2001-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியான இந்த ஆய்வு, ஆன்மிகப் பயிற்சியை மருத்துவ அளவுகோலால் அளக்க முடியும் என்று காட்டியது.

ஆறு மூச்சில் என்ன இருக்கிறது?

கழுத்துத் தமனியிலும் மகாதமனியின் வளைவிலும் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் கூடினால் அவை மூளைக்குத் தகவல் அனுப்பும். மூளை உடனே வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பைத் தணிக்கும். இது ஒருபுறம் நடக்க, ரத்த அழுத்தம் தன்னியல்பாகவே சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை லேசாக ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு 6 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கும் 10 விநாடிதான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு கூடுவதுபோல, இரண்டு தாளங்களும் இணையும்போது அழுத்தத்தைச் சீராக்கும் இந்த ஏற்பாடு கூர்மை அடைகிறது. எந்த மதத்தின் சொல்லை ஓதினாலும் இதயம் பதில் தருவது மூச்சின் நிதானத்துக்குத்தான்.

செட்டிப்பாளையத்திலிருந்து அமெரிக்காவுக்கு

கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 1914-இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர், 1960-களில் அமெரிக்கா சென்று யோகம் கற்பித்தார். மாணவப் பருவத்தில் மனச்சோர்வில் தவித்த டீன் ஆர்னிஷ் அவரிடம் யோகம் பயின்றார். பிற்காலத்தில் மருத்துவரான ஆர்னிஷ், குருவிடம் கற்றதை இதய நோயாளிகளிடம் சோதித்தார். கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவு, ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம், புகையை விடுதல், நடை ஆகியவற்றோடு, நோயாளிகள் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் கூட்டத்தையும் சிகிச்சையில் சேர்த்தார்.

முடிவுகள் 1990-இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. இந்த முறையைப் பின்பற்றிய 28 பேருக்கு, ஓராண்டில் இதயத் தமனியின் அடைப்பு சராசரியாக 40 சதவீதத்திலிருந்து 37.8 ஆகக் குறைந்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற 20 பேருக்கு 42.7-லிருந்து 46.1 ஆகக் கூடியது. ஆய்வு சிறியது, உணவு, யோகம், கூட்டம் மூன்றில் எதன் பங்கு எவ்வளவு என்று அதில் பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும், கொழுப்பைக் குறைக்கும் மருந்து இல்லாமலேயே அடைப்பு பின்வாங்கலாம் என்று காட்டியது பெரிய செய்தி.

இந்தியாவின் சோதனை

இன்னும் பெரிய சோதனை நம் நாட்டிலேயே நடந்தது. மாரடைப்பு வந்து மீண்ட 3,959 பேர், 24 மருத்துவமனைகளில் ‘யோகா-கேர்’ ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு சாராருக்கு 12 வாரங்களுக்கு ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம் கற்றுத்தரப்பட்டன. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆலோசனை மட்டும். 2020-இல் வெளியான முடிவின்படி, யோகம் செய்தவர்கள் பழைய அன்றாட வேலைகளுக்குக் கூடுதலாகத் திரும்பினார்கள். தங்கள் உடல்நலம் மேம்பட்டதாகவும் உணர்ந்தார்கள். மரணம், மறுபடி மாரடைப்பு போன்ற பெரும் பாதிப்புகள் யோகப் பிரிவில் 131 பேருக்கும், மற்றப் பிரிவில் 146 பேருக்கும் நேர்ந்தன. புள்ளியியல்படி இந்த வித்தியாசத்தை உறுதியான பலனாகக் கொள்ள முடியாது.

இந்த முடிவை யோகத்தை நம்புபவர்களும் மருந்தை மட்டும் நம்புபவர்களும் முழுதாக ஏற்க வேண்டும். மாரடைப்பு வந்தவருக்கு மாத்திரையும் ஸ்டென்டும் தருவதை யோகத்தால் தர முடியாது. பயத்திலிருந்து எழுந்து மறுபடி வேலைக்குப் போகும் தெம்பை மாத்திரை மட்டும் தந்துவிடாது.

மருந்தென்றால் அளவும் உண்டு

பலன் தரும் எதற்கும் பத்தியம் உண்டு. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகம் பயில்வோர் 75 பேரைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் இருமடங்கானது தெரிந்தது. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர் தலைகீழாக நிற்பது ஆபத்து. இதை அறிந்து சொல்ல, பயின்ற மருத்துவர் வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். சென்னை அரும்பாக்கம் அரசுக் கல்லூரி உள்ளிட்ட இடங்களில் யோகா, இயற்கை மருத்துவத்தில் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதை முடித்தவர்கள் தனிக் கட்டடத்தில் இருந்தால் போதாது. இதயநோய் மருத்துவரும் யோக மருத்துவரும் ஒரே நோயாளியை, ஒரே கோப்பை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். நோயாளிகள் கூடிப் பேச வாரம் ஒரு மணி நேரமும் ஓர் அறையும் ஒதுக்க, பெரிய செலவில்லை.

யோக சிகிச்சைக்குப் போகிறவர்கள் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: எந்தப் பயிற்சி? தினமும் எவ்வளவு நேரம்? எதைத் தவிர்க்க வேண்டும்? சாப்பிடும் மாத்திரை தொடருமா? கடைசிக் கேள்விக்கு, ‘நிறுத்திவிடுங்கள்’ என்று சட்டென்று சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். நான்குக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் உடலை நம்பி ஒப்படைக்கலாம்.