காடிகன் அணிவோம், தயங்காமல் வெளியே செல்வோம்

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் பொதிகளில் சொக்லேட்டு, சவர்க்காரத்தோடு ஒன்றிரண்டு சுவெற்றர்களும் வருவது வழமை. "இந்த வெக்கைக்கு இதை எங்கே போடுவது?" என்று சொல்லிவிட்டு அவற்றைப் பெட்டியின் அடியில் வைத்துவிடுகிறோம். இவற்றுள் முன்பக்கம் முழுவதும் திறந்து, தெறி பூட்டி அணியும் வகையே காடிகன். துணியைப் பார்த்துத் தெரிவு செய்தால் இதை அன்றாட உடையோடும் அழகாக அணியலாம். முக்கியமாக, போரில் கையிலோ தோளிலோ காயப்பட்ட சகோதரிகளுக்கு இது எவ்வளவு உதவுகிறது என்பதை என் பணியில் கண்டிருக்கிறேன்.

போர்க்களத்தில் கிடைத்த பெயர்

காடிகன் என்பது பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியிலுள்ள ஓர் ஊர். அவ்வூரின் பெயரைப் பட்டமாகக் கொண்டவர் ஏழாவது காடிகன் பிரபுவான ஜேம்ஸ் புருடெனல். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் குதிரைப்படைத் தளபதியாக இருந்தவர். 1854 ஒக்ரோபர் 25ஆம் திகதி பலக்லாவாவில் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி இவர் நடத்திச் சென்ற தாக்குதலில் நூற்றுக்கு மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். குளிருக்காக அணியப்பட்ட கம்பளிப் பின்னல் மேற்சட்டைக்கு இவருடைய பெயரே நிலைத்துவிட்டது.

அதே போரில் பிரித்தானியப் படைக்குத் தலைமை வகித்த றக்லன் பிரபு, 1815இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்தவர். தோள்மூட்டில் தையல் இல்லாமல், கழுத்திலிருந்தே சரிந்து இறங்கும் சட்டைக்கை இன்றும் 'றக்லன் கை' என்றே அழைக்கப்படுகிறது. கை இழந்த அவருக்கு வசதியாக இருக்கவே அப்படித் தைக்கப்பட்டதென்று சொல்வார்கள்.

பெண்களிடையே காடிகனைப் பரப்பியவர்களுள் ஒருவர் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கொக்கோ ஷனெல். தலைவழியாக மாட்டும்போது கூந்தல் கலைகிறதே என்று, ஒரு சுவெற்றரின் முன்பக்கத்தை நடுவே வெட்டி ஓரத்துக்கு நாடா தைத்தாராம். அந்த வழி நமக்கும் உதவும்.

கை மடங்காதவர்களுக்கு

வன்னியில் நான் சந்திக்கும் அக்கா ஒருவருக்கு 2009இல் ஷெல் சிதறல் பட்டு இடது முழங்கை மடங்காமற் போனது. தலைவழியாகச் சட்டை போட மகளின் உதவி வேண்டும். மகள் பாடசாலைக்குப் போய்விட்டால், உடுத்திருக்கும் வீட்டுச் சட்டையோடே அன்று முழுவதும் இருப்பார். யாராவது கூப்பிட்டால், "எனக்குச் சுகமில்லை" என்பார். கனடாவிலிருந்து தங்கை அனுப்பிய மெல்லிய பருத்திச் சுவெற்றர் மூன்று வருடமாகப் பெட்டியிற் கிடந்தது. அதை நடுவே வெட்டி, நாடா வைத்துத் தைத்தோம். வீட்டுச் சட்டைக்கு மேல் தானே அதை அணிந்துகொண்டு மகளின் பெற்றார் கூட்டத்துக்குத் தனியே போய் வந்தார். அவருடைய காயத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் வெளியே போக இன்னொருவரைக் காத்திருக்கும் நிலை மாறியது.

அணியும் முறை இதுதான். கதிரையில் இருந்து, காடிகனை மடியில் விரியுங்கள். முதலில் காயப்பட்ட கையைச் சட்டைக்கைக்குள் விட்டு, நல்ல கையால் தோள்வரை இழுத்துவிடுங்கள். பின் கழுத்தின் பின்னால் சுற்றி எடுத்து, நல்ல கையைக் கடைசியாக விடுங்கள். கழற்றும்போது இதற்கு மாறாக, நல்ல கை முதலில். தெறி பூட்டுவது சிரமமென்றால் பெரிய தெறிகளும் அகன்ற தெறித்துளைகளும் வையுங்கள், அல்லது வெல்க்ரோ எனப்படும் ஒட்டுப்பட்டியைத் தைத்துவிடுங்கள். கை இல்லாதவர்கள் வெறுஞ் சட்டைக்கையைத் தொங்கவிட்டால் துவிச்சக்கரவண்டியிலோ அடுப்பிலோ சிக்கும். அளவாக வெட்டி மடித்துத் தைப்பது பாதுகாப்பானது.

வடுவை மறைக்க வேண்டுமா?

சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன் 1963இல் எழுதிய நூலொன்றில், உடலிலுள்ள ஓர் அடையாளத்தை வைத்தே மற்றவர்கள் ஒருவரின் முழு ஆளையும் எடைபோடுவதை விளக்கினார். இதை நாம் புத்தகத்திற் படித்துத்தான் அறிய வேண்டுமென்றில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கையையே உற்றுப் பார்ப்பது, "என்ன பிள்ளை நடந்தது?" என்று சந்தையில் வைத்துக் கேட்பது எல்லாம் நமக்குப் பழகிப்போனவை.

முழுக்கைக் காடிகன் அந்தக் கேள்விகளிலிருந்து ஓர் இடைவேளை தரும். ஆனால் வடு வெட்கத்துக்குரியதன்று. இன்றைக்குப் பதில் சொல்ல மனமில்லையா, மூடிக்கொள்ளுங்கள். நாளை வேண்டாமென்றால் கழற்றிவிடுங்கள். அந்த முடிவை வீட்டாரோ அயலவரோ எடுக்கக்கூடாது. நிறமும் அப்படித்தான். கணவனை இழந்தவர் இந்த நிறம்தான் உடுத்த வேண்டுமென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

எதனோடு எப்படி?

சேலையோடு: இடுப்பளவு நிற்கும் மெல்லிய காடிகனைப் பிளவுசுக்கு மேல் அணிந்து, முந்தானையை அதன் மேலால் விட்டால் மடிப்புக் குலையாது. பின்னல் துணியில் நேரே ஊசி குத்தினால் இழை அறும். தோளின் உட்புறத்தில் சிறு துணித்துண்டு ஒன்றைத் தைத்து அதனோடு சேர்த்துக் குத்துங்கள். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் உயரமான இடம். அங்கு தோட்டங்களில் வேலை செய்யும் நம் சகோதரிகள் சேலையோடு சுவெற்றர் அணிவது நெடுநாளைய வழக்கம்.

பஞ்சாபியோடு: பூப்போட்ட பஞ்சாபிக்கு, அதிலுள்ள ஒரு நிறத்திலேயே தனிநிறக் காடிகன் பொருந்தும். தெறி பூட்டாமல் திறந்துவிடலாம்.

பாவாடையோடு: இடுப்போடு நிற்கும் கட்டைக் காடிகன் நல்லது. கீழ்த்தெறிகள் இரண்டை மட்டும் பூட்டலாம்.

வீட்டுச் சட்டையோடு: திடீரென யாராவது வந்தாலும், கிளினிக்குக்கோ சங்கக்கடைக்கோ போக வேண்டி வந்தாலும் மேலே ஒரு காடிகன் போட்டால் போதும்.

துணியைக் கவனியுங்கள்

வவுனியா, கிளிநொச்சி வெயிலுக்குக் கம்பளி ஏற்றதன்று. மெல்லிய பருத்திப் பின்னலே நல்லது. ஆழமாக எரிந்து ஆறிய தோலில் வியர்வை சரியாக வராது. அதனால் சூடு உடலில் தங்கும். அப்படியானவர்கள் தடித்த துணியைத் தவிர்க்க வேண்டும். கம்பளி வடுவில் உரசினால் கடிக்கும். உள்ளே பருத்திச் சட்டை அணியுங்கள். அக்றிலிக் போன்ற செயற்கை நூல் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஆகவே அடுப்படியில் அதைக் கழற்றி வையுங்கள்.

சுவெற்றரைக் காடிகனாக்க

சுவெற்றரை மேசையில் மட்டமாக விரித்து, முன்பக்க நடுவில் சோக்கால் நேர்கோடு போடுங்கள். கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளி மெசினில் இரண்டிரண்டு தையல் ஓட்டுங்கள். தைக்காமல் வெட்டினால் பின்னல் கழன்று ஓடிவிடும். பின்னர் கோட்டின் வழியே வெட்டி, ஓரங்களைப் பருத்தி நாடாவால் மூடித் தையுங்கள். தைக்கும்போது துணியை இழுக்காதீர்கள். ஓரம் அலையலையாக நெளிந்துவிடும். மெசின் இல்லாதவர்கள் நெருக்கமான கைத்தையலால் செய்யலாம்.

கம்பளியைச் சுடுநீரில் கழுவினால் சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, முறுக்காமல் துவாயில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்.

சகோதரிகளே, உங்கள் பெட்டியின் அடியில் கிடப்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால், தலைவழியாகச் சட்டை மாட்ட முடியாமல் வீட்டோடு இருக்கும் அயல்வீட்டு அக்காவுக்கு அதை வெட்டித் தைத்துக் கொடுங்கள். தையல் தெரிந்தவருக்கு அது ஒரு பிற்பகல் வேலைதான்.