அள்ளி முடித்த கொண்டை

கீழைத்தேயக் கல்லூரியொன்றிற் பண்டித வகுப்பு மாணவர்க்கு உரைநூல்களைப் பாடஞ்சொல்லி வருபவன் நான். பகலிற் பாடசாலை, பின்னேரத்திற் கல்லூரி. பெண்டிர் கூந்தலைக் குறிக்கும் 'ஐம்பால்' என்னுஞ் சொல்லை இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரே வகையில் விளக்கி வந்திருக்கிறேன். உச்சியில் முடிப்பது முடி. பக்கத்தில் முடிப்பது கொண்டை. சுருட்டி முடிப்பது குழல். பின்னே செருகுவது சுருள். பின்னி விடுவது பனிச்சை. இவ்வைந்து பகுப்பினாலும் கூந்தலுக்கு ஐம்பால் என்று பெயராயிற்று. வேறோர் உரைமரபு முடியையும் சுருளையும் விலக்கி, அளகம், துஞ்சை என்னும் இரண்டையும் கூட்டி ஐந்தாக்கும். இரண்டனுள் எது பொருந்தும் என்பதுபற்றி ஒரு மணிநேரம் பேச என்னால் இயலும். பேசியும் இருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பின்னேரம் இவ்விளக்கம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இந்த ஐந்தில் 'மெஸ்ஸி பன்' எது?" என்றாள்.

'பன்' எனின் வெதுப்பகத்துப் பணிசு என்பதே அதுவரை நான் அறிந்தது. அதனைச் சொன்னேன், வகுப்புச் சிரித்தது. அவள் திரும்பி நின்று தன் தலையைக் காட்டினாள். சீப்புப் படாத கூந்தல். மேலே அள்ளித் திருகிச் சுற்றப்பட்டிருந்தது. சுற்றின் நடுவே ஒரு பென்சில் ஊடுருவி நின்றது. காதோரத்திலும் பிடரியிலும் சில இழைகள் தம் விருப்பம்போல் வீழ்ந்துகிடந்தன. "நேரமில்லாமையாற் கட்டியதோ?" என்று கேட்டேன். "இல்லை ஐயா. நேரமில்லாமற் கட்டியதுபோலத் தோன்றுவதற்குப் பதினைந்து நிமிடம் செல்லும்" என்றாள். அலங்காரமின்மையையே அலங்காரமாகக் கொள்ளும் இக்காலத்தை வியந்து, பின்னே செருகியதாகலின் அதனைச் சுருள் என்று கொள்ளலாம் எனத் தீர்ப்பளித்துப் புத்தகத்தை மூடினேன்.

அதன்பின் ஆறு மாதமும் சென்றிருக்கவில்லை. என் தாயார் கிணற்றடியில் வழுக்கி வீழ்ந்தார். எண்பது வயதை அணுகியவர். வலத்தோளை அடுத்த எலும்பில் வெடிப்பு. கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டி, ஆறு கிழமைக்கு அசைக்கலாகாது என்று வைத்தியர் கூறினார். மனைவியோ கிளிநொச்சியிற் கற்பிப்பவள். வெள்ளி இரவு வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவாள். மகள் பேராதனையிற் படிக்கிறாள். எனவே கிழமைநாட்களில் வீட்டில் நானும் அம்மாவுமே.

உணவு ஊட்டுவதிலோ மருந்து கொடுப்பதிலோ இடர் ஏற்படவில்லை. மூன்றாம் நாள் அயலவர் சிலர் பார்க்க வந்தனர். அம்மா அறையை விட்டு வெளியே வர மறுத்துவிட்டார். காரணம் வினவியபோது, "உதென்ன மோனை, தலையை விரிச்சுப்போட்டுக் கிடக்கிறன். ஆக்கள் கண்டால் செத்தவீடெண்டு நினையாதுகளே?" என்றார்.

நான் விடைகூறாது நின்றேன். கட்டாத கூந்தல் யாது கூறும் என்பதை என்னிலும் நன்கறிந்தவர் யார்? கண்ணகி பாண்டியன் அவை புக்கபோது அவள் கூந்தல் விரிந்துகிடந்தது. அவள் வாய்திறக்குமுன் வழக்கின் பாதியை அக்கூந்தலே உரைத்துவிட்டது. பாஞ்சாலி தன் கூந்தலை முடியாது விட்டதே ஒரு போருக்குரிய சபதமாயிற்று. பட்டநாராயணர் இயற்றிய 'வேணீசங்காரம்' என்னும் வடமொழி நாடகத்தில், பகை முடித்த வீமன் குருதி தோய்ந்த தன் கைகளாலேயே திரௌபதியின் கூந்தலை முடித்துவிடுகிறான். நாடகத்தின் பெயரே அச்செயலால் வந்தது. இவற்றையெல்லாம் நயம்படச் சொல்லத் தெரிந்த எனக்கு, பின்னறையிற் கட்டிலில் இருக்கும் கிழவியின் தலைமயிரை முடிந்துவிடத் தெரியவில்லை. (மயிர் என்னுஞ் சொல்லைக் கண்டு நகரத்து வாசகர் முகஞ் சுளிக்க வேண்டா. வள்ளுவர் தயங்காது ஆண்ட சொல் அது. எங்கள் ஊரில் இன்றும் அதற்கு மதிப்புக் குறையவில்லை.)

முதல் நாள் முயற்சியை விரித்துரைக்க விரும்பவில்லை. சீப்பினால் நன்றாக வாரி, ஒரு சிக்குமின்றி இழுத்து, றப்பர் வளையத்தால் இறுக்கினேன். "நோகுது, நோகுது" என்றார் அம்மா. புருவங்கள் மேலேறிவிட்டன. கண்ணாடியைக் காட்டியபோது, "கோயில் ஐயரின்ரை குடுமி மாதிரிக் கிடக்கு, கழட்டு" என்றார். மறுநாள் றப்பர் வளையத்தை விடுத்து ஊசிகளை நம்பினேன். எட்டு ஊசி குத்தியும் கொண்டை பத்து நிமிடமும் நிற்கவில்லை. வீமனுக்கு வாய்த்த கைத்திறன் எனக்கு வாய்க்கவில்லை.

அன்றிரவு மகள் தொலைபேசியில் முகங்காட்டிப் பேசியபோது நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுத் தன் கூந்தலை அவிழ்த்துப்போட்டாள். "அப்பா, முதலிலை சீப்பைக் கீழை வையுங்கோ" என்றாள். தொலைபேசியைச் செம்பு ஒன்றிற் சாத்திவைத்து, அப்பாச்சியின் பின்னே நின்றபடி பாடங்கேட்டேன். விடுதி அறையிலிருந்து அவள் தன் தலையிற் செய்துகாட்ட, நான் அம்மாவின் தலையிற் செய்தேன். இவ்வகையில் நான்கைந்து இரவுகள் கழிந்தன. அப்போது கற்றவற்றை என்போன்று கையறியாதவர்க்காக இங்கே எழுதுகிறேன்.

முழுகிய அன்றே கொண்டை கட்டலாகாது. அன்று மயிர் வழுவழுப்பாயிருக்கும். இழை இழையைப் பற்றாது. வெள்ளிக்கிழமை முழுகினால் சனியோ ஞாயிறோ தகுந்த நாள். சீப்பு வேண்டியதில்லை; விரல்களாற் கோதுதலே போதும். 'கோதுதல்' எத்துணை அழகிய சொல்! பறவை அலகினாற் சிறகை ஒழுங்குசெய்வதற்கும் அதுவே சொல். விரலாற் கோதிய கூந்தலில் மேடுபள்ளங்கள் எஞ்சியிருக்கும்; அவையே பின்னர் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். காதோரத்திற் சில இழைகளை வேண்டுமென்றே விடுவதானால் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். கட்டியபின் பிடுங்கினால் கட்டுக் குலையும்.

தலையைச் சற்று முன்னே குனியச்செய்து, நெற்றியிலிருந்தும் பிடரியிலிருந்தும் வருவதை ஒரு கைப்பிடியில் அள்ள வேண்டும். பிறகு திருகுதல். கயிறு திரிப்பதுபோல் ஒரே திசையில் திருகிக்கொண்டே போனால், ஒரு நிலையில் அத்திரி தானாகவே வளைந்து சுருளத் தொடங்கும். அது வளையும் திசையிலேயே சுற்ற வேண்டும். நான் மூன்று நாட்கள் எதிர்த்திசையிற் சுற்றினேன்; சுற்றச்சுற்றத் திருகு விட்டுப்போயிற்று. எட்டு ஊசியும் தோற்றமைக்கு அதுவே காரணம். இறுதியில் நுனியைச் சுற்றின் அடியில் விரலாற் செருகிவிட வேண்டும்.

ஊசி குத்துவதும் ஒரு வித்தையே. இருகாற் கொண்டையூசியை நேரே உள்ளே தள்ளினால் அது வந்த வழியே வெளியேறிவிடும். முதலில் நுனி வெளிநோக்கியிருக்கப் பிடித்துச் சுற்றின் விளிம்பிற் சிறிது மயிரைக் கோத்து, பிறகு ஊசியை மறுபக்கம் புரட்டி, தலையோடொட்டிய மயிரையும் சேர்த்துக் கொண்டையின் நடுவை நோக்கித் தள்ள வேண்டும். ஒரு பக்கம் நெளிந்த சிறிய கிளிப்புகளும் உள. நெளிந்த பக்கம் அழகுக்காக மேலே இருக்க வேண்டும் என்றே நான் எண்ணியிருந்தேன். அன்று, அது தலையோடு படிய வேண்டும். நெளிவுதான் மயிரைப் பற்றுவது. ஒன்றன்மேலொன்று குறுக்கிட இரண்டைக் குத்தினால், தனித்தனி குத்திய ஆறினும் நன்றாக நிற்கும்.

அதன்பின் செய்வதே எனக்குப் பெருவியப்பைத் தந்தது. இத்துணைப் பாடுபட்டுக் கட்டியதை இரு விரலால் அங்கங்கே மெல்ல இழுத்துத் தளர்த்திவிடுகிறார்கள். அம்மாவின் கூந்தல் மெலிந்துபோனது. இறுக்கிக் கட்டினாற் பாக்களவே தேறும். தளர்த்திவிட்டதும் அக்கொண்டை பூரித்து, இருபது ஆண்டுக்கு முந்திய அம்மாவின் தலையாயிற்று. "அப்பாச்சி, இப்ப நீங்கள் கம்பஸ் பெட்டை மாதிரி!" என்று பேத்தி தொலைபேசியிற் கூவினாள். கண்ணாடியை வெகுநேரம் பார்த்திருந்த அம்மா, "இதுக்கோ இவ்வளவு படிப்பு? இது நாங்கள் அடுப்படியிலை அள்ளி முடிஞ்ச கொண்டையெல்லே" என்றார்.

நிற்க. அன்று அம்மா தொடர்ந்து கூறியதொன்றையும் இங்குச் சேர்க்க வேண்டும். "சீப்புப் போட்டு மழமழவெண்டு இழுத்த கொண்டையெண்டால் நாவற்குழிக்கு அங்காலை போகமுந்தி அவிழ்ந்திருக்கும்" என்றார். எனக்கு உடனே விளங்கிற்று.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி. வலிகாமத்து மக்கள் எல்லாரும் அன்றிரவே புறப்பட வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவித்துச் சென்றனர். அம்மா அப்போதுதான் தலை இழுக்க உட்கார்ந்திருந்தார். சீப்பை மாடத்தில் வைத்தார். இரு கையாலும் கூந்தலை அள்ளித் திருகினார். வாசற்கதவைப் பூட்டியதும் திறப்பை அந்தத் திருகுக்குள் வைத்துச் சுற்றிச் செருகிக்கொண்டார். இரு கையிலும் பொதிகள். திறப்பை வைக்க வேறிடமில்லை. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் ஓர் அடி வைத்தால் அடுத்த அடிக்கு நெடுநேரம் காத்துநிற்க வேண்டியிருந்தது, அத்துணை மக்கள். இரவு முழுவதும் நான் அம்மாவின் பின்னே நடந்தேன். இருளிலும் நெருக்கத்திலும் அவரைத் தவறவிடாமைக்கு என் கண்கள் பற்றியிருந்தது அந்தக் கொண்டையைத்தான். நனைந்தது, சாய்ந்தது, அவிழவில்லை. விடிந்தபின் சாவகச்சேரியில் உறவினர் வீட்டு முற்றத்தில் அவர் அதனை அவிழ்த்தபோது திறப்புக் கீழே விழுந்த ஓசை இன்றும் என் செவியிலுண்டு. மறு ஆண்டு திரும்பிச் சென்றபோது கதவு இல்லை, நிலையும் இல்லை. திறப்பை அம்மா எறியவில்லை.

இதனைக் கேட்டபின் ஐம்பாலுக்கு நான் கூறிவந்த விளக்கத்திற் குறையொன்று தென்பட்டது. உரைகாரர் கூறியவை முடித்துக் காட்டும் கூந்தலின் பெயர்கள். அடுப்படியிலும் கிணற்றடியிலும் பாதிவழியிலும் பெண்கள் ஒரு நொடியில் முடிந்துகொண்டதற்கு அப்பட்டியலில் இடமில்லை. அதனைச் சுருளென்று அன்று வகுப்பிற் சொன்னது அவசரத் தீர்ப்பே. அடுத்த கிழமை மாணவரிடம் அதனை ஒத்துக்கொண்டேன். பென்சிற் கொண்டைக்காரி, "அப்படியானால் ஆறாவது பால் என்று எழுதலாமா ஐயா?" என்றாள். பரீட்சையில் எழுதிவிடாதே என்றேன்.

ஆறு கிழமை கழிந்து கைக்கட்டு அவிழ்க்கப்பட்டது. கை உயரவில்லை. சுவரில் விரல்களை எறும்புபோல் ஊர்த்தி நாள்தோறும் சிறிது சிறிதாக மேலே ஏற்றும் பயிற்சியைக் கற்பித்துவிட்டனர். மருந்து குடிக்கச் சொன்னால் முரண்டுபிடிப்பவர் இப்பயிற்சியை ஒரு வேளையும் தவறவிடவில்லை. கரிக்கோடு ஒன்றைத் தம் பிடரி உயரத்தில் தாமே சுவரில் இட்டுக்கொண்டார்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை விறாந்தையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து அம்மா வந்தார். கொண்டை கட்டியிருந்தது. வலக்கை முற்றும் எட்டாமையால் அஃது ஒருபுறம் சரிந்து நின்றது. "என்ன அம்மா, ஆண்டாள் கொண்டையோ?" என்றேன். அதற்கு மறுமொழி இல்லை. முக்காலியை இழுத்து எனக்குப் புறங்காட்டி உட்கார்ந்து, உள்ளங்கையிலிருந்த கிளிப்பை நீட்டினார்.

"எல்லாம் நானே கட்டினது. இது ஒண்டுதான் எட்டேல்லை. குத்திவிடு."

சிவப்புப் பேனையை வைத்துவிட்டு, நெளிந்த பக்கம் உட்புறமாகக் குத்தினேன்.